இடுப்புக் கயிற்றின் முத்திரை

கழுகுப் பாறைக் குகையில் இருந்த கிழவர் இறந்துபோன செய்தி எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அந்தக் குகையின் சிறப்பே அதுதான். எகிப்துப் பாலையில் துறவிகள் நாங்கள் வாழ்கிற ஸ்கேத்தேயின் சதுப்பையும் கோயிலையும் விட்டு மேற்கே இரண்டு நாள் நடக்க வேண்டும். வழியில் ஒரு புதர்கூடக் கிடையாது. குகைக்குள் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டும். நாளுக்கு ஒரு குடம் சேரும். ஒரு ஆளுக்குத்தான் காணும். ஆகவே அங்கே ஒருவர்தான் இருக்க முடியும். இறந்தவருக்காக ஜெபம் சொல்லும்போதே குகை இனி யாருக்குப் போகும் என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்காகப் பிறகு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான் பாலைக்கு வந்தது மௌனத்துக்காக. ஊரில் எங்களுடையது செம்புப் பாத்திரம் தட்டுகிற தெரு. வீட்டில் பதினோரு பிள்ளைகள். என் அப்பா தூங்கும்போதுகூட விரல்களால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். இருபத்தாறு வயதில், யாரும் எதையும் தட்டாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதென்று கேள்விப்பட்டு நடந்தே வந்தேன். வந்து பத்தொன்பது வருடம். இங்கே யாரும் எதையும் தட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் என் குடிலிலிருந்து முந்நூறு அடி தள்ளி சூரூஸ் இருந்தார். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர்.

சூரூஸ் அண்ணன் துறவியாவதற்கு முன் நைல் நதியில் வெங்காயப் படகு ஓட்டியவர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலை அவரால் குறைக்க முடியாது. ரகசியமாக ஜெபிக்கிறேன் என்று அவர் ஜெபித்தால் அவருடைய பாவங்கள் எனக்கு வரிசைப்படி தெரிந்துவிடும். நல்ல மனிதர். எனக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டபோது பன்னிரண்டு நாள் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார். அந்தப் பன்னிரண்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து தன் நீர்யானைக் கதையைச் சொன்னார். நான் சீக்கிரம் எழுந்து உட்கார்ந்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீர்யானைக் கதையை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. இளவயதில் ஒருநாள் அவர் படகு நிறைய வெங்காயத்தோடு போகிறார், ஒரு வளைவில் நீர்யானை ஒன்று படகின் விளிம்பில் தலையை வைக்கிறது, வாயைத் திறக்கிறது. அங்கே வந்ததும் அவருக்குப் படகில் இருந்த வெங்காயத்தின் ரகம் நினைவுக்கு வந்துவிடும். சிவப்பா வெள்ளையா, எந்த ஊர் மண், எத்தனை நாள் தாங்கும் என்று போவார். அதற்குள் பொழுது சாய்ந்து ஜெபவேளை வந்துவிடும். நான் எழுந்துவிடுவேன். பத்தொன்பது வருடமாக அந்த நீர்யானை வாயைத் திறந்தபடியே இருந்தது.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் ஹீராக்ஸ் அப்பாவிடம் போனேன். அவர் எங்கள் கோயிலின் குரு. குருவாவதற்கு முன் முப்பது வருடம் அரசாங்கத் தானியக் களஞ்சியங்களுக்கு முத்திரை வைத்தவர். வானதூதர்கள்மேல் அவருக்கு முழு நம்பிக்கை உண்டு, மனிதர்கள்மேல் கிடையாது. குகை வேண்டும் என்று சொன்னேன். அவர் கூடை முடைகிற ஓலையை நனைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"கொகை கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு அங்க போகணும்னு கேக்கறதில்ல பமூன். இங்கேருந்து போகணும்னு கேக்கறாங்க. நீ எந்த ரகம்?"

நான் பேசாமல் நின்றேன். இப்படிப்பட்ட நேரங்களில் மௌனம் ரொம்ப உதவும். பார்க்கிறவர்களுக்குப் பணிவு மாதிரித் தெரியும். உண்மையில் சூரூஸ் அண்ணனின் குரல் அந்த நேரத்தில் என் காதுக்குள் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தது.

ஹீராக்ஸ் அப்பா சொன்ன விதிகள் இவை. இன்னும் இரண்டு பேர் அதே குகையைக் கேட்டிருக்கிறார்கள். யார் யார் என்று சொல்ல மாட்டார். மூவரும் தவக்காலத்தின் நாற்பது நாளும் தங்கள் குடிலிலேயே இருக்க வேண்டும். வாரக் கடைசியில் கோயிலுக்கும் வர வேண்டாம். வழக்கமான இரண்டு காய்ந்த ரொட்டிக்குப் பதிலாக ஒன்று, உப்பு, தண்ணீர். அடுப்பு மூட்டக் கூடாது. நோன்பு இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்ன நோன்பு நோன்பே இல்லை என்பது பாலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியாக ஒன்று சொன்னார்: விருந்தாளி வந்தால் மட்டும் எல்லா விதியும் கலையும். கால் கழுவிவிட்டு, அடுப்பு மூட்டி, சமைத்துப் போட்டு, கூட உட்கார்ந்து வந்தவர் சாப்பிடுகிற அளவுக்குச் சாப்பிட வேண்டும். வந்தவரைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பினால் குகை கிடையாது.

விருந்தாளியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. தவக்காலத்தில் யார் வரப்போகிறார்கள்?

பிறகு அவர் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, என் இடுப்புக் கயிற்றைத் தன் கையாலேயே இறுக்கி முடிந்தார். முடிச்சின் மேல் ஒரு உருண்டைக் களிமண்ணை அப்பி, பழைய களஞ்சிய முத்திரையை அதில் அழுத்தினார். நோன்பை ஒழுங்காக இருந்தால் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நாள் இந்தக் கயிறு தானாகவே கீழே இறங்க வேண்டுமாம். மூச்சை வெளியே விடலாமா என்று கேட்டேன். முடிந்த அளவு விட்டுக்கொள்ளச் சொன்னார்.

முதல் இரண்டு நாளும் அற்புதமாக இருந்தன. கயிறு இறுக்கியதில் ஆழமாக மூச்சுவிட முடியவில்லை, குனிய முடியவில்லை. அது போகட்டும், இன்னும் நாலு நாளில் தளர்ந்துவிடும் என்று தைரியமாக இருந்தேன். சூரூஸ் அண்ணனின் குடிலிலிருந்தும் சத்தம் வரவில்லை. மணல் மேல் காற்று நகர்வது மட்டும் கேட்டது. குகையில் இன்னும் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள், நிழல் வாசற்படியைத் தொடும் பிற்பகலில், விடியலிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் மணி நேரத்தில், சூரூஸ் அண்ணன் வந்து நின்றார். ஓலை கிழிக்கிற கத்தியை இரவல் கேட்டார். அவருடைய கத்தி மொண்ணையாகிவிட்டதாம். ஆட்டுத்தோல் போர்வையை நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மூடியிருந்தார். நானும் அப்படித்தான் மூடியிருந்தேன், முத்திரை தெரியாதிருக்க. அவருக்கு மூச்சு வாங்கியது. முந்நூறு அடி நடந்ததற்கு அந்த மூச்சு அதிகம். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் பாதியில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலாலேயே உதறிக் கழற்றினார்.

பசி என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? தவக்காலம் பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. மனிதர் அதற்குள் நடக்க முடியாமல் வந்திருக்கிறார். நான் அவர் காலைக் கழுவ உட்கார்ந்தபோது கயிறு விலாவை வெட்டியது. நானும் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் எழுந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நோன்பைப் பற்றிக் கேட்பதும் சொல்வதும் எங்களுக்குள் வழக்கமில்லை.

அடுப்பு மூட்டினேன். விருந்தாளிகளுக்கென்று ஒரு வருடத்துக்கு வைத்திருக்கிற பருப்பிலிருந்து இரண்டு கை எடுத்து வேகவைத்தேன். எண்ணெய் விட்டேன். அவர் மட்டுமரியாதை இல்லாமல் சாப்பிட்டார். அவர் கை நிற்கிறவரைக்கும் நானும் சாப்பிட வேண்டியிருந்தது. நீர்யானை படகின் விளிம்பில் தலையை வைத்து வாயைத் திறந்தது. வெங்காயம் சிவப்பு ரகம். பொழுது சாய்ந்தது. கத்தியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

வந்தவர் விருந்தாளி. கால் கழுவினேன். பருப்பு போட்டேன். இந்த முறை மூன்று கை. ஏனென்றால் முந்தின நாள் அவர் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன். நான் சட்டி நிறைய வைத்ததைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. பாவம், எத்தனை பசி என்று என் கண்ணும் கலங்கியது. போகும்போது மறுபடியும் கத்தியை வாங்கிக்கொண்டார்.

இப்படியே போனது. ஒருநாள் கத்தி வாங்குவார், மறுநாள் கொடுப்பார். பத்து நாளில் அந்தக் கத்தி என்னிடம் இருந்ததைவிட எங்கள் இரண்டு குடில்களுக்கும் நடுவே இருந்ததுதான் அதிகம்.

பதினோராம் நாள் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. இது சூரூஸ் அண்ணன்தானா? என் குகையைக் கெடுக்க, பிசாசு அவர் உருவத்தில் தினமும் ஒன்பதாம் மணிக்கு வருகிறதோ? பாலையில் இப்படி நடக்காததல்ல. பிசாசுக்கு வேதத்தில் உள்ள சங்கீதம் சொல்ல வராது என்பார்கள். ஆகவே அன்று அவர் வாசலில் வந்து நின்றதும் ஒரு சங்கீதம் சொல்லச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய், நின்ற நிலையில் பதினேழு சங்கீதம் சொன்னார். நடுநடுவே மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிசாசாக இருந்தாலும் இத்தனை சொன்ன பிறகு பசித்திருக்கும். உள்ளே வரச் சொன்னேன்.

தப்பிக்க ஒரு வழி தேடினேன். குடிலிலேயே இருக்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் நாணல் வெட்டச் சதுப்புக்குப் போவது குடில் வேலையோடு சேர்ந்ததுதானே என்று எனக்கு நானே வாதாடி, ஒருநாள் எட்டாம் மணிக்கே அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாணல் காட்டின் நடுவே போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்திலிருந்து நாணல் விலகியது. சூரூஸ் அண்ணன் ஒரு கையில் அரிவாளோடும் மறு கையில் சட்டியோடும் நின்றார். குடிலில் என்னைக் காணாமல், மயங்கி எங்கேயாவது விழுந்துவிட்டேனோ என்று காலடித் தடத்தைப் பார்த்து வந்தாராம். சட்டியில் அவர் வீட்டுப் பருப்பு. உலர்ந்த அத்திப்பழமும் போட்டிருந்தார். அன்று யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று தெரியாததால் இருவரும் மாறி மாறி ஒருவரையொருவர் சாப்பிடச் சொல்லி, சட்டி காலியான பிறகுதான் எழுந்தோம். எழுந்தோம் என்பது சரியில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம்.

நாலாம் வாரத்தில் என் விருந்தாளிப் பருப்பு தீர்ந்தது. இனிமேல் தப்பித்தேன் என்று நினைத்தேன். காலிப் பானையை அவர் கண்ணில் படும்படி கவிழ்த்து வைத்தேன். மறுநாள் தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் அடுப்பின் பக்கத்தில் வைத்துவிட்டார்.

கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தளர வேண்டிய கயிறு நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் வாரத்தில் அதன் மேலும் கீழும் சதை பிதுங்கி, முத்திரை மட்டும் ஒரு பள்ளத்துக்குள் தெரிந்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினேன். ஒரு மூச்சில் ஒரு வசனம் சொல்லிக்கொண்டிருந்தவன் அரை வசனத்துக்கு வந்தேன். அவிழ்த்துக் கட்டிவிடலாம், ஆனால் களிமண் உடைந்துவிடும். ஹீராக்ஸ் அப்பாவின் கண் தப்பாது.

குகை போய்விட்டது என்று ஒரு மனம் சொன்னது. மறுமனம், பசித்த சகோதரனுக்காக உன் வாழ்நாள் ஆசையை விட்டுக்கொடுக்கிறாய் பமூன், இதைவிடப் பெரிய நோன்பு உண்டா என்றது. அந்த எண்ணம் எனக்கு மிகவும் இனிமையாக இருந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நாற்பது நாளும் முடிந்தன. நாணல் காட்டில் சாப்பிட்ட நாள் போக, சூரூஸ் அண்ணன் முப்பத்தேழு நாள் வந்திருந்தார். திருநாளுக்கு முந்தின நாள் காலையில் நான் மட்டும் கிளம்பிக் கோயிலுக்கு நடந்தேன். எட்டு இடத்தில் உட்கார்ந்தேன். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கோயில் முற்றத்தில் அறுபது துறவிகள் இருந்தார்கள். எல்லோரும் நாற்பது நாள் காய்ந்து, ஓலை மாதிரி நிறம் மாறியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் விரும்பியிருக்க வேண்டிய அமைதி அது.

ஹீராக்ஸ் அப்பா குகை கேட்ட மூன்று பேரையும் முன்னால் வரச் சொன்னார். முதலில் வந்தவர் ஹோர். அவரை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் யார் ஜெபித்தாலும் எந்த வசனத்தை விட்டுவிட்டார்கள் என்று சொல்லித் திருத்துகிறவர். அவர் போர்வையை விலக்கி நின்றார். விலா எலும்புகளை எண்ணலாம். இரண்டடி எடுத்து வைத்ததும் கயிறு முத்திரையோடு வழுக்கிக் கணுக்காலில் போய் விழுந்தது. முற்றத்தில் மெச்சுகிற முணுமுணுப்பு எழுந்தது. கயிறு விழுந்ததும் அங்கியும் அவிழ்ந்துவிட்டதால், அவர் அதை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

அடுத்து நான். போர்வையை விலக்கினேன்.

ஹீராக்ஸ் அப்பா அருகே வந்து குனிந்து பார்த்தார். முத்திரை உடையவில்லை. சுண்டுவிரலைக் கயிற்றுக்குள் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. நகத்தை நுழைக்கப் பார்த்தார்.

"முப்பது வருஷம் களஞ்சியத்துக்கு முத்திரை வெச்சிருக்கேன்" என்றார். "முத்திரைக்குள்ள தானியம் கொறைஞ்சு போனத நெறையப் பாத்திருக்கேன். கூடிப் போனத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

விருந்தாளி வந்தார் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். முப்பத்தேழு என்றேன். முற்றத்தில் யாரோ இருமினார்கள். யார் அந்த விருந்தாளி என்று கேட்டார். பசித்து வந்தவரை அறுபது பேர் முன்னால் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எனக்குப் பின்னால் பழக்கமான மூச்சிரைப்பு கேட்டது. மூன்றாவது ஆள் வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். சூரூஸ் அண்ணன் போர்வையை விலக்கி நின்றார். அவர் இடுப்பில் எனக்கு இருப்பதுபோலவே ஒரு பள்ளம், அதற்குள் அதே முத்திரை.

அவர் என் கயிற்றைப் பார்த்தார். நான் அவர் கயிற்றைப் பார்த்தேன். முப்பத்தேழு நாள் மூச்சிரைப்பும், சுவரைப் பிடித்துக்கொண்டதும், குனிய முடியாததும் என் தலைக்குள் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன.

பாலையில் தவறு செய்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். சகோதரன் முன் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். நான் அவர் முன் விழுந்தேன். அதே நேரத்தில் அவர் என் முன் விழுந்தார். இரண்டு சத்தம் கேட்டது, ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டு கயிறும் அறுந்தன. களிமண் துண்டு ஒன்று ஹீராக்ஸ் அப்பாவின் முழங்காலில் பட்டது. இன்னொன்று ஹோரின் காதை உரசிக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள். நாற்பது நாளில் முதல் முறையாக நான் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்தேன். வெட்கத்துக்கு நடுவிலும் அது மிகவும் நன்றாக இருந்தது.

எழுந்திருக்கச் சொல்லாமலேயே ஹீராக்ஸ் அப்பா விசாரித்தார். நான் மண்ணில் முகத்தை வைத்தபடி, அண்ணன் பசியோடு இருக்கிறார், தனியாக அடுப்பு மூட்ட வெட்கப்படுகிறார் என்று நினைத்ததைச் சொன்னேன். சூரூஸ் அண்ணனும் மண்ணில் முகத்தை வைத்தபடிதான் பேசினார். ஆனால் அவர் குரல் சதுப்புக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

"எனக்குக் கொகையெல்லாம் ஆகாது அப்பா. ரெண்டு நாளு பேச ஆளில்லேன்னா நாக்கு வீங்கிப் போயிரும். ஆனா இந்தத் தம்பிக்கு என் சத்தம் ஆகமாட்டேங்குது. பத்தொம்பது வருசமாப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கேக்கறான், ஒருநாளு மூஞ்சி சுளிச்சதில்ல. நான் அங்க போயிட்டா அவன் இங்கயே நிம்மதியா இருப்பானேன்னுதான் கேட்டேன். மூணாம் நாளு நெசமாவே கத்திக்குத்தான் போனேன். பாத்தா ஆளு குனிய மாட்டாம தடுமாறுறான், மூச்சு வாங்குது. பட்டினியில உயிர விட்ருவான்னு பயந்துட்டேன். நான் போனாத்தான் அடுப்ப மூட்டறான். அப்புறம் எப்படிப் போகாம இருக்கறது?"

ஹீராக்ஸ் அப்பா எங்கள் தலைமாட்டில் நின்றார். அவர் பாதத்தில் ஒரு எறும்பு ஏறுவது தெரிந்தது.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேக்கறேன். ஒருநாளாச்சும் ஒருத்தன ஒருத்தன், ஒனக்கு என்னடா பண்ணுதுன்னு கேக்கலியா?"

"நோன்பப் பத்திப் பேசக் கூடாதே அப்பா" என்றோம் இருவரும்.

அவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். எனக்குப் பிடிக்காத மௌனம் ஒன்று இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு இந்த யோசனை ஓடிக்கொண்டிருந்தது: நான் அவரை விட்டுப் போவதற்காகக் குகையைக் கேட்டேன். அவர் என்னை விட்டுப் போய் எனக்கு நல்லது செய்யக் கேட்டார். ஹீராக்ஸ் அப்பா அன்று நீ எந்த ரகம் என்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்லலாம் என்றால், அவர் மறுபடி கேட்கவில்லை.

குகையை ஹோருக்குக் கொடுத்தார். அதில் யாருக்கும் வருத்தமில்லை. மறுநாள் திருநாள் விருந்தில் கோயில் சமையல்காரர் எங்கள் இருவருக்கும் பருப்பைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார். எங்கள் இருவருக்கும்தான் அது இறங்கவில்லை.

குடிலுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் சூரூஸ் அண்ணன் பேசவில்லை. பிரியும் இடத்தில் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

அன்று ஒன்பதாம் மணிக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குகைக்குப் போகாமலேயே எனக்குக் குகை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். காற்று மணலை நகர்த்துவதைக் கேட்க உட்கார்ந்தேன். கேட்டது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது. முந்நூறு அடி தூரத்தில் ஒரு மனிதர் சத்தம் போடாமல் இருக்கப் பாடுபடுவது கேட்டது. குடத்தை வைக்கும்போது மெதுவாக வைக்கிறார். கரண்டி தவறி விழுகிறது. வாய்க்கு வந்த வார்த்தையைப் பாதியில் விழுங்குகிறார். ஜெபத்தை உதட்டுக்குள் வைத்து நசுக்குகிறார். பத்தொன்பது வருடத்தில் அவர் பேசியபோது இவ்வளவு கவனமாக நான் அவரைக் கேட்டதில்லை. நாலாம் நாள் ஒரு கூடை முடைந்துவிட்டு, அதற்கு அடிப்பாகம் போட மறந்துவிட்டதைக் கவனித்தேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கத்தி அவரிடம் இருந்தது. அதைக் கொடுக்க வருவதும் வருகைதான் என்று அவர் வராமலிருந்தார். நான் போய்க் கேட்கலாம். ஆனால் போனால் அவர் விருந்து வைக்க வேண்டிவரும், பேச வேண்டிவரும், எனக்காக அவர் இருக்கிற இந்தப் புது நோன்பு கலையும். ஆகவே ஓலையைப் பல்லால் கிழித்தேன். எட்டாம் நாள் உதடு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. திருநாளுக்குப் பிறகு ஐம்பது நாளைக்கு யாருக்கும் நோன்பு கிடையாது. பசி என்று சொல்லிக்கொண்டு போகவும் முடியாது. எந்தச் சாக்கும் இல்லாமல் ஒருவர் வாசலுக்குப் போவது எப்படி என்று எனக்கு இந்தப் பாலையில் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

எட்டாம் நாள் ஒன்பதாம் மணிக்கு, நிழல் வாசற்படியைத் தொட்டதும், எழுந்து நடந்தேன். முந்நூறு அடி என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பத்துதான்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து நீட்டினார். அதைத் தீட்டி வைத்திருந்தார். வாயை இறுக மூடியிருந்தார், கன்னம் உப்பியிருந்தது. நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். போகவில்லை. அவரும் கதவைச் சாத்தவில்லை.

"ஒனக்கு வேற என்ன வேணும் தம்பி?" என்றார் கடைசியில். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்கவே சகிக்கவில்லை.

"விருந்தாளி வந்திருக்கேன்ல அண்ணே. கால் கழுவத் தண்ணி இல்லையா?"

அவர் தண்ணீர் எடுத்து வந்தார். இப்போது இரண்டு பேராலும் குனிய முடிந்தது. அடுப்பை மூட்டினார். பருப்பைப் போட்டார். எல்லாவற்றையும் பேசாமல் செய்தார். கரண்டியைக்கூட சட்டியில் இடிக்காமல் கிளறினார். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். பேச்சை ஆரம்பித்துப் பழக்கமில்லாதவனுக்கு அது பெரிய வேலை.

"அண்ணே, அந்த நீர்யானை வாயத் தொறந்துச்சே" என்றேன். "அப்புறம் என்னாச்சு?"

கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார்.

"அத நான் ஒனக்குச் சொன்னதே இல்லியா?"

இல்லை என்றேன். கரண்டியைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். செம்புத் தெருவில் கேட்கிற சத்தம். பாயை உதறி எதிரே விரித்து உட்காரச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கூரையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் வெங்காயத்திலிருந்து ஆரம்பித்தார்.